ஹட்டனுக்கு வந்த கடலனிமனிகள்

பஸ்ஸில் யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுத்தால், அந்த இருக்கை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். காரணம் இல்லாமல் ஒருவர் எனக்கு நல்லது செய்தால் முதலில் நன்றி வராது, சந்தேகம்தான் வரும். நன்றி ஒரு வாரம் கழித்து, எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகு மெதுவாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி.

ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், எங்கள் ஆய்வுகூட உதவியாளர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், நீர்கொழும்புல இருந்து உசுரோட நாலு கடலனிமனி கொண்டாந்து தரட்டுங்களா?"

கடலனிமனி என்பது கடலடிப் பாறையில் பூவைப் போல விரிந்து ஒட்டியிருக்கும் உயிர். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "எதுக்கு?"

"புள்ளைங்க பாக்கட்டுமேங்க. எம் மச்சினன் அங்க கலர் மீன் அனுப்புற கம்பனியில இருக்கான். பாறையில ஒட்டுற அடி கிழிஞ்சது, நெறம் வெளுத்தது எல்லாம் வெளிநாட்டுக்குப் போகாதாம். சும்மாவே தருவான்."

சும்மாவே என்ற சொல்லைக் கேட்டதும் என் காது நிமிர்ந்துகொண்டது. அவர் ஐம்பதைத் தொட்டவர். தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் செடிக்கு மருந்து அடித்து, முதுகு தாங்காமல் விலகி எங்களிடம் வந்தவர். பாடசாலையே அவரை 'லேப் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். வந்து பதினொரு வருடமாகியும் அவருக்குத் தற்காலிக நியமனம்தான். இனி நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டது. அதற்கு ஆய்வுகூடப் பொறுப்பாசிரியை ஒரு பக்கம் அபிப்பிராயம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பாசிரியை நான். கடலனிமனி யாருக்காக வருகிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளைகளுக்காக இல்லை, அந்த ஒரு பக்கத்துக்காக.

இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கருவாடு. வகுப்பில் பதினைந்து பேரில் கடலை நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர். பாடத்திட்டம் கேட்பது ஜாடியில் இருப்பதைப் பார்த்து இனங்காண்பதை மட்டும்தான். அறுத்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஜெலிமீனும் கடலனிமனியும் ஒரே கூட்டம், ஒன்று குடையைப் போல மிதக்கிறது, மற்றது அதையே கவிழ்த்து ஒட்டி வைத்ததுபோல் பாறையில் உட்கார்ந்திருக்கிறது என்று வருடாவருடம் கரும்பலகையில் வரைந்து வரைந்து எனக்கே அலுத்துப் போயிருந்தது.

அவர் ஒரு வியாழக்கிழமை மதிய ரயிலில் வந்து இறங்கினார். காற்று அடைத்துக் கட்டிய நான்கு பொலித்தீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டே கொழும்பிலிருந்து வந்திருக்கிறார். குளிர் ஏற ஏறத் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவற்றுக்குச் சுற்றியிருந்தார். தோளில் ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல் தண்ணீர். போதாததற்கு, வலையில் சிக்கிய ஒரு ஜெலிமீன், கெடாமல் இருக்கப் போமலின் ஊற்றிய ஜாடியில். ஸ்டேஷனில் இருந்து நடந்தே வந்தவருக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. இவ்வளவு பாடுபடுகிறார் என்றால் விஷயம் பெரியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாடசாலை அதிபர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது பேர்த்டே பார்ட்டியில வைக்கிற ஜெலியாட்டம்ல இருக்கு. நல்லாப் பாத்துத்தான வாங்குனீங்க?" என்றார். சிரிப்புக்குச் சொன்னதுதான். நான் அன்று பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஜெலிமீனை இடுக்கியால் நிமிண்டிப் பார்த்தேன். உண்மையான ஜெலிமீன்தான்.

வெள்ளிக்கிழமை அதை அறுத்தோம். வாய் மேலே பார்க்கத் தட்டில் கவிழ்த்து வைத்தால், தட்டில் ஏதோ இருக்கிறது என்று சொல்வதற்கே விளிம்பைத் தேட வேண்டியிருந்தது. நடுவில் சிலுவை மாதிரி வாய். வாயைச் சுற்றி நான்கு கைகள், ஈரத் துணியைப் பிழிந்து போட்ட மாதிரி. உள்ளே நான்கு லாட வடிவ இனப்பெருக்க உறுப்புகள். அவ்வளவுதான். இதயம் இல்லை, மூளை இல்லை, முன்னும் இல்லை பின்னும் இல்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பார்த்து எடை போடுகிறவள் நான். முகமே இல்லாத ஒன்றின் முன்னால் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு என்னவோபோல் இருந்தது.

வயிற்றிலிருந்து விளிம்புவரை ஓடும் கால்வாய்களைக் காட்டுவதுதான் கஷ்டம். கண்ணாடிக்குள் கண்ணாடிக் கோடு போட்டால் யாருக்குத் தெரியும்? நீல மையை ஊசியால் ஏற்றிப் பார்த்தேன். மை கலங்கி எல்லாப் பக்கமும் பரவியது. லேப் அண்ணன் பின்னால் நின்றபடி மெதுவாகச் சொன்னார்.

"கடுஞ்சாயத் தண்ணி ஊத்திப் பாருங்களேன் டீச்சர். கறை எங்க புடிக்கணுமோ அங்க புடிச்சுக்கும்."

டஸ்ட் தேயிலையைக் கொதிக்க வைத்து வடித்து ஆற்றி ஏற்றினோம். பழுப்புக் கோடுகள் நடுவிலிருந்து கிளை பிரிந்து விளிம்புவரை ஓடின. பிள்ளைகள் "ஆ" என்றார்கள். ஒரு பெண் அதைத் தேயிலைச் செடியின் வேர் என்றாள். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள். இவர் என் வகுப்பில் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறாரோ என்று ஒரு முள் அப்போதே தைத்தது.

கடலனிமனிகளை அன்று தொடவில்லை. அவை இரண்டு நாள் கண்ணாடித் தொட்டியில் கிடந்து ஆற வேண்டும். கடலனிமனியை அறுப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தொட்டால் சுருங்கி உருண்டைக் கட்டியாகிவிடும். அப்புறம் வெட்டினாலும் கொழகொழவென்று ஒன்றும் புரியாது. அதனால் அது பரிசக்கொம்புகளை, அதாவது வாயைச் சுற்றி நெளியும் விரல்களை, நன்றாக விரித்திருக்கும் நேரம் பார்த்து, மக்னீசியம் சல்பேட் என்கிற எப்சம் உப்பைத் துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட வேண்டும். உப்பு மெல்ல மெல்லக் கரையும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அது விரித்தபடியே மரத்துப் போகும். பிறகு மேலிருந்து கீழே ஒரே வெட்டு. தொண்டைக் குழாயும், அதைத் தாங்கி நிற்கும் பிரிசுவர்களும் சக்கரத்து ஆரக்கால்களாகத் தெரியும்.

எங்கள் எப்சம் உப்புப் போத்தல் காலியாக இருந்தது. நகரத்துப் பார்மசியில் சிறு பைக்கற்றுகள்தான் இருந்தன, அதுவும் இரண்டு. ஆனால் நான் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலிக்கரையில், தேயிலைக் கொழுந்துக்கு அடிக்கிற வெள்ளை உப்பை வாளி வாளியாகக் கரைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். எப்சம் உப்பைச் செடிக்கு அடிப்பார்கள் என்று பிறகு புத்தகத்திலும் படித்திருந்தேன். இரண்டையும் மனதுக்குள் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக்குப் போய், ஸ்டோரில் இருந்த தெரிந்த மாமாவிடம், "கொழுந்துக்கு அடிக்கிற வெள்ள உப்பு இருக்கா மாமா? ஸ்கூலுக்கு ஒரு கிலோ வேணும்" என்று கேட்டேன். அவர் மூட்டையிலிருந்து ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். என்ன உப்பு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊர் உலகத்தையே குறுக்கு விசாரணை செய்கிற நான் அன்று அந்த உப்பை ஒரு கேள்வி கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஆய்வுகூடத்தைத் திறந்து, போத்தலை நானே நிரப்பினேன். தொட்டியில் நான்கும் விரிந்து நின்றன. ஒன்று இளஞ்சிவப்பு, மற்றவை தவிட்டு நிறம், விரல் நுனிகள் மட்டும் ஊதா. முடிச்சைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு முதல் பாடத்துக்குப் போனேன்.

இடைவேளையில் பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்தால், தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. நான்கும் சுருங்கி முஷ்டியளவுக் கட்டிகளாகி, வாய் வழியாக வெள்ளை நூல்களைக் கக்கியிருந்தன. தொட்டால் கையோடு சளி வந்தது. அதற்குள் நாற்றமும் எடுத்திருந்தது. இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது. சாவி வாங்குபவர்கள் கையெழுத்து வைக்கும் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை லேப் அண்ணன் சாவி வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இங்கே இவருக்கு என்ன வேலை?

"கரண்டு போயிருச்சுங்க. காத்து மோட்டர் நின்னுச்சுன்னா செத்துப் போயிருமேன்னு பாட்டரி போட வந்தேன்" என்றார்.

"தண்ணியில என்னா ஊத்துனீங்க?"

"ஒன்னும் ஊத்தலைங்க டீச்சர்."

"தொட்டிய எதுல கழுவுனீங்க? பவுடர் போட்டீங்களா? ரயில்ல தண்ணி சிந்தி, பைப் தண்ணிய கலந்தீங்களா?"

அவர் தொட்டியைப் பார்த்தார். மேசையில் திறந்திருந்த போத்தலைப் பார்த்தார். அதன் வாயில் ஒட்டியிருந்த உப்பைக் கைவிரலால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் குற்றமுள்ள பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

"நா ஒன்னும் செய்யலைங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்காதவனிடம் ஏதோ இருக்கிறது என்பது என் கணக்கு.

மறுநாளே அதிபர் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டார். நான் நீட்டி முழக்கவில்லை. நேரத்துக்கு வருவார், சுத்தமாக வைத்திருப்பார் என்று எழுதிவிட்டு, கடைசியில், 'பொறுப்பான பொருட்களைக் கையாள்வதில் கவனம் போதாது, விசாரித்தால் உண்மை சொல்வதில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்கு என்ன கனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். படிவம் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போனது. பத்து நாளில், நிரந்தர நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விளக்கம் தேவை என்று பதில் வந்தது. லேப் அண்ணன் அதை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளாஸ்களைக் கழுவப் போனார்.

ஒரு மாதம் கழித்து, இரசாயனவியல் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் அதே போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"டீச்சர், பிள்ளையளுக்கு உப்புச் சோதனைக்கு இதைக் குடுத்தனான், இது மக்னீசியம் இல்லை. சோடியம் ஐதரொட்சைட்டு விட விட வெள்ளை வீழ்படிவு வந்தது, இன்னும் விட்டால் கரைஞ்சு போட்டுது. பிள்ளையள் எல்லாரும் சிங்க் எண்டு எழுதியிருக்கினம், நான் பிழை போட்டனான். பிறகு நானே செய்து பார்த்தால் அவையள்தான் சரி. ஆர் இதை நிரப்பினது?"

சிங்க் சல்பேட். கொழுந்துக்கு அடிப்பது அதுதான். எங்கள் பீலிக்கரையில் வாளி வாளியாகக் கரைத்ததும் அதுதான். பார்த்தால் எப்சம் உப்புக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கடல் உயிருக்கு அது விஷம். கொழும்பில் பிறந்த ஒரு டீச்சர் பார்மசியில் இரண்டு பைக்கற் வாங்கி வேலையை முடித்திருப்பாள். தோட்டத்தில் பிறந்த எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற திமிர். அந்த நான்கு உயிர்களையும் கொன்றது நான். அவருடைய நியமனத்தையும் நிறுத்தியது நான்.

"நான்தான் சேர்" என்று சொன்னேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

லேப் அண்ணன் ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், போத்தலை முன்னால் வைத்தேன்.

"அண்ணே, இதுல இருந்தது எப்சம் இல்ல. சிங்க்."

"தெரியுங்க" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. போத்தல் வாயில ஒட்டியிருந்தத வெரல்ல தொட்டு, நீங்க அந்தப் பக்கம் திரும்புனப்ப நாக்குல வச்சுப் பாத்தேன். பதினாறு வருசம் அடிச்ச மருந்துங்க. காத்து திரும்புனா ஒதட்டுல படும், நாக்கு சுருண்டுக்கும். எப்சம் வெறுங் கசப்பு. இது அப்புடி இல்ல."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" மன்னிப்புக் கேட்க வந்தவள், அங்கேயும் குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்தார். "யார்கிட்டங்க சொல்றது? டீச்சர் தோட்டத்துல பொறந்தவங்க. சிங்க் எது, எப்சம் எதுன்னு தெரியாமப் போட்டுட்டாங்கன்னா எவன் நம்புவான்? நானே நம்பல. நீங்க தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் தெரிஞ்சு போடணும்?"

"ஒங்க தம்பி வேல இல்லாமத்தானங்க இருக்காரு" என்றார். "லேப்ல எடம் வந்தா சொல்லுங்கன்னு பெரிய சேர்கிட்ட கேட்டீங்க. நா அப்ப ஜன்னல் தொடச்சுக்கிட்டு இருந்தேன்."

கேட்டது உண்மை. கொழும்பில் வேலை போய் தம்பி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நேரம், பேச்சுவாக்கில் அதிபரிடம் கேட்டேன். கேட்டதையே மறந்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தேன். அந்தக் கடைசி வரியை எழுதும்போது தம்பி என் மனதில் எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தானா? இல்லை என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைச் சந்தேகப்பட்ட நான், முதல் தடவையாக என்னைச் சந்தேகப்பட்டேன்.

அன்றே வலயக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். உப்பைக் கொண்டுவந்தது நான், நிரப்பியது நான், அவர் மேல் எழுதியது பிழை, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். எழுதியதை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை வாசித்தார். பிறகு போனை எடுத்துக் கடிதத்தைப் படம் பிடித்தார். தெளிவாக விழவில்லை என்று இன்னொரு தடவை பிடித்தார்.

"ஒரு கொப்பி எங்கிட்ட இருக்கட்டுங்க" என்றார். "டீச்சர் அந்தப் போத்தலையும் கொஞ்சம் கையில புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

நின்றேன். வேறு என்ன செய்வது?

கடிதத்தைத் தபாலில் போட அவர் விடவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி, நேரில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கிக்கொண்டு வந்தோம். நான் முன் இருக்கையில், அவர் பின் இருக்கையில். நாலு மாதம் இழுத்தடித்து, நியமனக் கடிதம் வந்தது. அன்று ஆசிரியர் அறைக்கு லட்டு கொண்டு வந்தார். எனக்கும் வைத்தார். "அன்னைக்கு நா அப்புடி எழுதினதுக்கு மன்னிச்சுக்குங்க அண்ணே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டுங்க டீச்சர்" என்றார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மறு வருடம் அந்தப் பாடம் வந்தபோது, பார்மசியில் எப்சம் உப்பு வாங்கிச் சீல் உடைக்காமல் மேசையில் வைத்தேன். புது வகுப்புப் பிள்ளைகள் கடலனிமனி பார்க்கப் போகிறோம் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு காத்திருந்தார்கள். நான் அவரிடம் போய், கூடியவரை தாழ்மையாகவே கேட்டேன்.

"அண்ணே, நீர்கொழும்புல மச்சினன்கிட்ட கேட்டு, நாலு கடலனிமனி கொண்டாந்து தருவீங்களா?"

அவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மச்சினன் நம்பர் தாறேங்க" என்றார். "ஒங்க தம்பிய அனுப்பி எடுத்துக்குங்க டீச்சர்."